நல்லுரை கேளாத வீரர்கள்: ஹோமரின் காவியங்களில் வீரமும் குறையும்

கேள்வி இதுதான்: "இலியட், ஒடிசி இரண்டையும் சுருக்கமாக வாசித்தேன். அக்கிலிஸ் ஒரு கொள்ளைப் பங்குக்காகக் கோபித்துக்கொண்டு தன் தோழர்களைச் சாகவிடுகிறான். ஹெக்டர் பிடிவாதத்தால் தன் ஊரையே அழிவுக்குக் கொண்டுபோகிறான். ஒடிசியஸ் வாய் திறந்தால் பொய். இவர்களைக் கிரேக்கர்கள் எப்படி வீரர்கள் என்று கொண்டாடினார்கள்? இந்தக் குறைகளைக் கவிஞர் கண்டிக்கிறாரா, கண்டுகொள்ளாமல் விடுகிறாரா?"

ஹோமர் எதையும் கண்டுகொள்ளாமல் விடவில்லை. அதே வேளையில், கதையை நிறுத்திவிட்டு இவன் செய்தது சரி, அவன் செய்தது தவறு என்று அறவுரை சொல்வதும் அவருக்குப் பெரும்பாலும் வழக்கமில்லை. அவர் கையாளும் முறை வேறு. ஒவ்வொரு பெரிய வீரனும் சறுக்கும் இடத்துக்குச் சற்று முன்பாக, அவனுக்கு வேண்டியவர் ஒருவரை அவன் எதிரே நிறுத்திச் சரியான யோசனையைச் சொல்லவைக்கிறார். சொல்லப்படும் யோசனை தெளிவானது. கேட்பவனும் மூடன் அல்லன். பல நேரங்களில் அது சரியென்று அவனே ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். இருந்தும் அதன்படி நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்று தேடிப்போனால், அவனை மற்றவர்களிலிருந்து உயர்த்திக் காட்டிய அதே பண்பில்தான் போய் நிற்போம். வீரத்தையும் குறையையும் தனித்தனிக் கணக்குகளாக எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வாசிப்பு, இந்தக் காவியங்களில் பாதி தூரம்கூடப் போகாது என்பது என் கருத்து.

அதற்கு முன் பரவலான இரண்டு கருத்துகளை ஒதுக்கிவைக்க வேண்டும். முதலாவது, அக்கிலிஸின் குதிகால். உடலெல்லாம் ஆயுதம் துளைக்காத வீரன், குதிகாலில் மட்டும் பலவீனம் உடையவன் என்ற கதை இலியட்டில் கிடையாது. தாய் தீட்டிஸ் குழந்தையைப் பாதாள உலகின் ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கியெடுத்த செய்தி கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் நமக்குக் கிடைக்கிறது. இலியட்டின் 21ஆம் காண்டத்தில் அஸ்டெரோபேயஸ் எறிந்த ஈட்டி அக்கிலிஸின் முன்கையை உரசிக் கிழிக்க, இரத்தம் பீறிடுகிறது. ஹோமரின் அக்கிலிஸ் மற்ற எல்லாரையும் போல வெட்டினால் சாகக்கூடியவன்; சீக்கிரம் சாகப்போகிறவன் என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டாவது, "துன்பியல் நாயகனின் குணக்கேடு" என்று பாடநூல்கள் சொல்லும் சூத்திரம். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலின் 13ஆம் அத்தியாயத்தில் பேசியது நாடகத்தைப் பற்றி. அங்கே அவர் சொன்னது ஒருவன் செய்துவிடும் பெரும் பிழையை என்றும், பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட குணக்கேட்டை அன்று என்றும் இன்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அக்கிலிஸுக்குக் கோபம், ஒடிசியஸுக்குக் கர்வம் என்று ஆளுக்கொரு சீட்டை ஒட்டிவிட்டு நகர்ந்துவிட அந்தச் சூத்திரம் வசதியாக இருக்கிறது, அவ்வளவே.

இனி, டிராய் நகரைக் கிரேக்கர்கள் முற்றுகையிட்ட போரைப் பாடும் இலியட்டுக்கு வருவோம். அந்த உலகில் மதிப்பு என்பது மனத்துக்குள் வைத்துப் போற்றும் உணர்வாக மட்டும் இருக்கவில்லை. கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக இருந்தது. கொள்ளையில் கிடைத்த பங்கு, விருந்தில் வெட்டித் தரப்படும் இறைச்சித் துண்டு, அவையில் உட்காரும் இடம் ஆகியவையே ஒருவன் யார் என்பதை ஊருக்குச் சொல்லின. 12ஆம் காண்டத்தில் லிசிய அரசன் சார்பீடன் தன் தோழன் கிளாக்கஸிடம் இதை ஒளிவு மறைவின்றிப் பேசுகிறான். முதல் இருக்கையும் கொழுத்த இறைச்சியும் நிறைந்த கிண்ணமும் ஆற்றங்கரை நிலமும் நமக்கு ஏன் தருகிறார்கள் என்று கேட்டு, முன்னணியில் நின்று போரிடுவதற்கே என்று அவனே விடையும் சொல்கிறான். அதோடு நிற்பதில்லை. சாவும் மூப்பும் இல்லாமல் வாழ முடியுமானால் நானும் முன்னணியில் நிற்கமாட்டேன், உன்னையும் அனுப்பமாட்டேன் என்கிறான். சாவு நிச்சயம் என்பதால்தான் பெயருக்கு விலை இருக்கிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், முதல் காண்டத்தில் கிரேக்கப் படையின் தலைமை அரசன் அகமெம்னான், போர்ப்பரிசாகக் கிடைத்த பிரைசீஸ் என்ற பெண்ணை அக்கிலிஸிடமிருந்து பறிப்பது வெறும் காதல் தகராறு ஆகாது. படை முழுவதும் கூடியிருக்கும் அவையில், படையின் தலைசிறந்த போர்வீரனை ஒன்றுமில்லாதவன் என்று அறிவிக்கும் செயல் அது. முதியவரான நெஸ்டர் எழுந்து இருவருக்கும் இடித்துரைக்கிறார்: படை கொடுத்த பரிசைப் பறிக்காதே என்று அரசனிடமும், செங்கோல் ஏந்தியவனோடு மல்லுக்கு நிற்காதே என்று அக்கிலிஸிடமும் சொல்கிறார். இருவருமே கேட்கவில்லை. அதற்குச் சற்று முன்னர், பாதி உருவிய வாளை உறையில் போடு என்று அதீனா பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தபோது மட்டும் அக்கிலிஸ் கேட்டான். தெய்வத்தின் சொல்லுக்கு இறங்கும் அவன் காது மனிதர்களின் சொல்லுக்கு இறங்காது என்பதைக் கவிஞர் அங்கேயே போட்டுவைத்துவிடுகிறார்.

காவியத்தின் நெஞ்சுக்கூடு என்று நான் கருதுவது 9ஆம் காண்டம். அக்கிலிஸ் போரிலிருந்து ஒதுங்கிவிட்டதால், ஹெக்டர் தலைமையிலான டிராய்ப் படையிடம் கிரேக்கப் படை தோல்வியின் விளிம்பில் இருக்கிறது. அகமெம்னான் இறங்கிவந்து ஏழு முக்காலிகள், பத்து தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பன்னிரண்டு பந்தயக் குதிரைகள், ஏழு பெண்கள், அவர்களுடன் பிரைசீஸ், போர் முடிந்ததும் தன் மகள்களில் ஒருத்தி, ஏழு ஊர்கள் என்று வாரி வழங்க முன்வருகிறான். ஆனால் பட்டியலின் கடைசியில், அவன் எனக்குப் பணியட்டும், அரசன் என்ற முறையில் நானே பெரியவன் என்றும் சேர்க்கிறான். தூது போகும் ஒடிசியஸ் கொடைகளை ஏறத்தாழ ஒரு சொல் மாறாமல் ஒப்பித்துவிட்டு, அந்தக் கடைசி வரிகளை மட்டும் விழுங்கிவிடுகிறான். கேட்கும் நமக்கு அது தெரியும், அக்கிலிஸுக்குத் தெரியாது. அவனுடைய முதல் மறுமொழியோ, நெஞ்சில் ஒன்றை மறைத்து வாயில் வேறொன்றைப் பேசுகிறவனை நரகத்தின் வாயிலைப் போல வெறுக்கிறேன் என்பது. சொல்லாமல் விட்டதை அவன் மோப்பம் பிடித்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த மறுமொழியில் கோபம் மட்டும் இல்லை. வீர உலகத்தின் அடித்தளத்தையே அசைக்கும் கேள்வியும் இருக்கிறது. ஆடுமாடுகளைக் கொள்ளையடித்துக் கொண்டுவரலாம், முக்காலிகளை வாங்கலாம், பற்களின் வேலியைத் தாண்டிப்போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்கிறான் அக்கிலிஸ். பின்தங்கி நின்றவனுக்கும் முன்நின்று போரிட்டவனுக்கும் ஒரே பங்கு என்றால் எதற்காகச் சாக வேண்டும்? இங்கேயே நின்றால் அழியாப் புகழும் குறுகிய வாழ்வும், ஊர் திரும்பினால் புகழின்றி நீண்ட ஆயுளும் என்று தாய் சொன்ன இரு விதிகளையும் எடுத்துவைக்கிறான். இலியட்டில் வீரத்தைப் பற்றி இவ்வளவு ஆழமாக யோசித்தவன் வேறு யாரும் இல்லை.

பிறகு, அவனைச் சிறு வயதிலிருந்து வளர்த்த ஃபீனிக்ஸ் பேசுகிறார். மடியில் உட்காரவைத்து இறைச்சியை நறுக்கி ஊட்டியதையும், குழந்தை மதுவைக் கக்கித் தம் உடையின் முன்பக்கத்தை நனைத்ததையும் நினைவூட்டும் அந்தக் கிழவரின் பேச்சில் அரசியல் எதுவும் இல்லை. தெய்வங்களே மனமிரங்கும்போது நீ இரங்கக் கூடாதா என்கிறார். கோபத்தில் ஒதுங்கி இருந்துவிட்டு, கொடைகளை மறுத்து, கடைசியில் கொடை எதுவும் கிடைக்காமலேயே போரிட நேர்ந்த மெலியேகர் என்ற பழைய வீரனின் கதையைச் சொல்கிறார். அக்கிலிஸ் அசையத்தான் செய்கிறான். நாளைக்கே கப்பலேறுகிறேன் என்று ஒடிசியஸிடம் சொன்னவன், போவதா இருப்பதா என்பதைக் காலையில் முடிவு செய்வோம் என்று ஃபீனிக்ஸிடம் இறங்குகிறான். கடைசியாக முரட்டுப் பேச்சுக்காரனான ஏஜாக்ஸ், கூரைக்குக் கீழே இருக்கும் தோழர்களின் அன்பைக்கூட மதிக்காதவன் என்று கடிந்ததும், நீ சொன்னது எல்லாம் எனக்குச் சம்மதமே, ஆனால் படையின் நடுவே என்னை நாடோடியைப் போல நடத்தியதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கோபத்தால் வீங்குகிறது என்கிறான். ஹெக்டர் என் கப்பல்களுக்கு வந்து சேரும்வரை வாள் எடுக்கமாட்டேன் என்று முடிக்கிறான். யோசனை சரி என்று ஒத்துக்கொண்டே மறுக்கும் இந்த இடத்தில்தான் அவன் குறை திறந்துகொள்கிறது. அவமானத்தைப் பொறுக்காத அதே உறுதிதான் முதல் காண்டத்தில், கொள்ளைநோயில் படை செத்துக்கொண்டிருந்தபோது, வேறெவருக்கும் இல்லாத துணிவோடு அவையைக் கூட்டிச் சோதிடன் கால்கஸுக்கு அரசனிடமிருந்து காவல் தருவதாக வாக்களிக்கச் செய்தது.

அதன் விலையைக் கொடுப்பவன் அவனுடைய உயிர்த்தோழன் பாட்ரோக்ளஸ். அக்கிலிஸின் கவசத்தை அணிந்து போகிறவனிடம், கப்பல்களிலிருந்து எதிரிகளை விரட்டியதும் திரும்பிவிடு, டிராயின் மதில்வரை போகாதே என்று அக்கிலிஸே எச்சரிக்கிறான். வெற்றியின் வேகத்தில் பாட்ரோக்ளஸ் அதை மறந்துபோகிறான். இங்கே கவிஞர் தம் குரலிலேயே "மூடன்!" என்று கூவி, அந்தச் சொல்லைக் கேட்டு நடந்திருந்தால் சாவைத் தவிர்த்திருப்பான் என்கிறார். அவன் ஹெக்டர் கையால் இறந்த செய்தி கிடைத்ததும் அக்கிலிஸ் பேசும் பேச்சு 18ஆம் காண்டத்தில் இருக்கிறது. பூமிக்கு வெறும் பாரமாகக் கப்பல் அருகே உட்கார்ந்திருந்தேன் என்று தன்னையே சாடுகிறான். சொட்டும் தேனைவிடத் தித்தித்து மனிதர் நெஞ்சில் புகையாய் வளரும் கோபம் ஒழியட்டும் என்கிறான். ஆனால் ஒழிவதில்லை, ஆள் மாறுகிறது. அகமெம்னான் மீதிருந்த கோபம் ஹெக்டர் மீது திரும்பி, ஆற்றைப் பிணங்களால் அடைத்து, காலைப் பிடித்துக் கெஞ்சும் லைக்கேயனைக் கொன்று, பன்னிரண்டு டிராய் இளைஞர்களைச் சிதையருகே வெட்டும் அளவுக்குப் போகிறது.

ஹெக்டரைப் பலரும் குறையற்ற குடும்பத்தலைவன் என்று அக்கிலிஸுக்கு எதிராக நிறுத்துவார்கள். அது பாதி உண்மை. 6ஆம் காண்டத்தில் தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு மிரண்ட குழந்தைக்காக, அதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தபடி மகனைத் தூக்குகிறவன் அவன். ஆனால் அதே காட்சியில் அவன் மனைவி ஆண்ட்ரமாக்கி அழுது மட்டும் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மதில் பலவீனமாக இருக்கும் காட்டத்தி மரத்தருகே படையை நிறுத்து, எதிரிகள் மூன்று முறை அங்கேதான் முயன்றார்கள் என்று கச்சிதமான போர் யோசனை ஒன்றை முன்வைக்கிறாள். ஹெக்டரின் பதில், டிராயின் ஆண்களுக்கும் நீண்ட ஆடை அணிந்த பெண்களுக்கும் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும் என்பது. முன்னணியில் நிற்பதையே கற்றுக்கொண்டவன் நான் என்றும் சேர்த்துக்கொள்கிறான். யோசனை நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே அவன் போகவில்லை.

இதைவிடக் கூர்மையானது படைத்தோழன் பாலிடாமஸோடு அவனுக்குள்ள உறவு. இருவரும் ஒரே இரவில் பிறந்தவர்கள். ஒருவனுக்குச் சொல் வன்மை, மற்றவனுக்கு ஈட்டி வன்மை என்கிறார் ஹோமர். பாலிடாமஸ் நான்கு முறை யோசனை சொல்கிறான். தேர்களை அகழிக்கு இப்பால் விட்டுவிட்டு நடந்தே தாக்குவோம் என்பதையும், சிதறிய படைத்தலைவர்களைக் கூட்டி ஆலோசிப்போம் என்பதையும் ஹெக்டர் ஏற்கிறான். ஏற்றபோதெல்லாம் அது அவனுக்கு உதவியது. பாம்பைக் கவ்விவந்த கழுகு அதைக் கீழே போட்டுவிட்டுப் பறந்த சகுனத்தைக் காட்டித் திரும்பிப் போவோம் என்றபோதோ, தாய்நாட்டுக்காகப் போரிடுவதே ஒப்பற்ற ஒரே சகுனம் என்று வெடிக்கிறான். அந்த வரியைத் தனியே எடுத்து நாட்டுப்பற்றின் மணிமொழியாகப் பலர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். காவியத்துக்குள் அதைப் படித்தால் நிலைமை வேறு: நல்ல யோசனையை வாயடைக்க எழுந்த அழகான வாக்கியம் அது. 18ஆம் காண்டத்தில், அக்கிலிஸ் களத்துக்குத் திரும்பிவிட்டான், இரவோடிரவாக ஊருக்குள் போய் மதிலைக் காப்போம் என்று பாலிடாமஸ் சொல்ல, ஹெக்டர் மறுக்க, படை ஆரவாரித்து ஹெக்டரின் பக்கம் நிற்கிறது. அதீனா அவர்கள் புத்தியைப் பறித்துவிட்டாள் என்று கவிஞர் குறுக்கிட்டுச் சொல்கிறார்.

22ஆம் காண்டத்தில் மதிலுக்கு வெளியே தனியே நிற்கும் ஹெக்டர் தனக்குத்தானே பேசிக்கொள்வது, உலக இலக்கியத்தில் ஒரு வீரன் தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் மிகப் பழைய பேச்சுகளுள் ஒன்று. உள்ளே போனால் முதலில் பழிப்பவன் பாலிடாமஸாகவே இருப்பான்; என் முரட்டுத் துணிவால் மக்களை அழித்துவிட்டேன்; என்னைவிடத் தாழ்ந்தவன் ஒருவன், ஹெக்டர் தன் வலிமையை நம்பி ஊரைக் கெடுத்தான் என்பான் என்று எண்ணுகிறான். தவறை முழுக்க உணர்ந்துவிட்டான். உணர்ந்த பின்பும் அவனை உள்ளே போகவிடாமல் தடுப்பது அதே ஊர்ப்பேச்சு மீதான அச்சம்தான். ஊருக்காக நிற்கச்செய்த வெட்கம், ஊருக்கு அவன் உயிரோடு தேவைப்படும் நேரத்தில் அவனைச் சாகச் சொல்கிறது. அக்கிலிஸ் நெருங்கியதும் அவன் ஓடுகிறான் என்பதையும் ஹோமர் மறைக்கவில்லை; மதிலைச் சுற்றி மூன்று முறை ஓடுகிறான். அந்த ஓட்டத்தால் அவன் சிறுத்துவிடவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.

தெய்வங்களே காரணம் என்றால் மனிதர் மீது குறை சொல்லலாமா என்ற கேள்வி இங்கே எழும். 19ஆம் காண்டத்தில் அகமெம்னான், நான் பொறுப்பில்லை, ஜீயஸும் விதியும் இருளில் நடக்கும் பழிதேவதையும் என் மதியை மயக்கினார்கள் என்கிறான். நல்ல சாக்குதான். ஆனால் அதே மூச்சில் ஈடு தருகிறேன் என்கிறான், தரவும் செய்கிறான். தெய்வம் செய்தது என்பது மனிதனின் கணக்கைத் தீர்த்துவிடுவதில்லை. போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்பும் கதையான ஒடிசியின் தொடக்கத்திலோ ஜீயஸே சலித்துக்கொள்கிறார்: மனிதர்கள் எல்லாத் தீமைக்கும் எங்களைப் பழிக்கிறார்கள், தங்கள் அடாத செயலால் விதிக்கு மேலேயும் துன்பத்தைத் தேடிக்கொள்கிறார்கள்.

ஒடிசியஸின் குறை பொய் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். காவியம் அப்படிப் பார்க்கவில்லை. 13ஆம் காண்டத்தில் மாறுவேடத்தில் வந்த அதீனாவிடமே அவன் ஒரு முழுக் கட்டுக்கதையை அவிழ்த்துவிட, அவள் சிரித்துக்கொண்டே அவனைத் தட்டிக்கொடுக்கிறாள். அவனுக்குக் கேடு வந்தது ஓர் உண்மையைச் சொன்னதால். ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸின் குகையில், பாலாடைக்கட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று தோழர்கள் கெஞ்சியபோது, விருந்தினனுக்குரிய பரிசு கிடைக்குமா என்று பார்க்க அவன் தங்கிவிட்டான். அதற்குள் ஆறு பேர் தின்னப்பட்டார்கள். "யாருமில்லை" என்று பெயர் சொல்லித் தப்பிக் கப்பலேறிய பிறகு, தோழர்கள் தடுக்கத் தடுக்க, உன் கண்ணைக் குருடாக்கியவன் இத்தாக்காவில் வாழும் லேயர்ட்டஸின் மகன் ஒடிசியஸ் என்று கூவுகிறான். பெயர், தகப்பன் பெயர், ஊர் என முழு முகவரியும் கொடுத்தாகிவிட்டது. சாபம் இடுவதற்கு அதுதானே வேண்டும்? இவன் வீடு திரும்ப வேண்டியது விதியானால், தோழர் அனைவரையும் இழந்து, பிறர் கப்பலில், காலம் கடந்து போய்ச் சேரட்டும், வீட்டிலும் துன்பத்தையே காணட்டும் என்று பாலிபீமஸ் தன் தந்தையான கடல் தெய்வம் பொசைடனிடம் வேண்டியது ஒவ்வொன்றாக நிறைவேறுகிறது. பிற்பாடு யூரிலோக்கஸ் என்ற தோழன், குகையில் நம் ஆட்கள் செத்தது இவனுடைய முரட்டுத் துணிவால்தான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். ஒடிசியஸுக்கு அவன் தலையை வெட்டிவிடத் தோன்றுகிறது.

ஆனால் இவனுக்கு ஹெக்டருக்குக் கிடைக்காத காலம் கிடைத்தது. இத்தாக்காவில் பிச்சைக்காரனாக வந்து, தன் மனைவியை மணக்க வீட்டில் வந்து தங்கியிருந்த மணவேட்பாளர்களில் ஒருவனான ஆன்டினோஸ் தன் வீட்டிலேயே எறிந்த கால்மணையைத் தோளில் வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்கிறான். பொறுத்துக்கொள் நெஞ்சே, இதைவிடக் கேவலத்தையும் பொறுத்தாயே என்று 20ஆம் காண்டத்தில் மார்பைத் தட்டிச் சொல்லிக்கொள்ளும்போது அவன் நினைவில் இருப்பது அந்தக் குகைதான். 108 மணவேட்பாளர்களையும் முடித்தபின் செவிலி யூரிக்ளியா ஆரவாரிக்க வாயெடுக்க, செத்தவர்கள் மேல் நின்று குதூகலிப்பது பாவம் என்று அடக்குகிறான். கப்பலில் நின்று கூவியவனும் இவனும் ஒரே ஆள். அதற்காக அவனைத் திருந்திய மனிதன் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. சற்றுப் பின்னர் பன்னிரண்டு பணிப்பெண்கள் ஒரே கயிற்றில் தூக்கிலிடப்படுகிறார்கள், அவர்களின் கால்கள் சற்று நேரம் துடித்தன என்று கவிஞர் பதிவு செய்துவிட்டு மேலே போகிறார்.

கிரேக்கர்களும் இவற்றையெல்லாம் நெளியாமல் ஏற்றுக்கொள்ளவில்லை. பிளேட்டோவின் 'குடியரசு' மூன்றாம் நூலில், அக்கிலிஸ் மணலில் புரண்டு அழுவதும், பாதாளத்தில் அவன் ஆவி, இறந்தோர்க்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட நிலமற்றவனிடம் கூலிவேலை செய்வேன் என்பதும் இளைஞர் காதில் விழக் கூடாத வரிகள் என்று சாக்ரட்டீஸ் வாதிடுகிறார். பிளேட்டோ இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குள், கி.மு. 334இல், அலெக்சாந்தர் டிராயில் அக்கிலிஸின் சமாதிக்கு மாலை சூட்டியதாக வரலாற்றாசிரியர் அரியன் எழுதுகிறார். நல்லவனா என்பதும் பெரியவனா என்பதும் அவர்களுக்கு இரண்டு வேறு கேள்விகள். நம் காலத்துப் பாடப்புத்தகங்கள்தான் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

இலியட்டின் கடைசிக் காண்டத்தில் அக்கிலிஸ் ஒருவழியாகச் சொல் கேட்கிறான். தான் கொன்ற ஹெக்டரின் பிணத்தைத் திருப்பிக் கொடு என்ற ஜீயஸின் கட்டளையைத் தாய் கொண்டுவந்ததும், அப்படியே ஆகட்டும் என்கிறான். அன்றிரவு ஹெக்டரின் தந்தையான முதிய அரசர் பிரயாம் வந்து, தம் மகன்களைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உன் தகப்பனை நினைத்துப்பார் என்கிறபோது இருவரும் சேர்ந்தே அழுகிறார்கள். இதைக் கோபம் தணிந்து மனிதனான காட்சி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அடுத்து நடப்பது அதை அவ்வளவு எளிதாக விடாது. உட்காரமாட்டேன், மகனை உடனே காட்டு என்று பிரயாம் அவசரப்பட, என்னைச் சீண்டாதே, கிழவரே என்று அக்கிலிஸின் குரல் உயர்கிறது. பிறகு பணிப்பெண்களை அழைத்து, ஹெக்டரின் உடலைப் பிரயாமின் கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய்க் கழுவச் சொல்கிறான். மகனைக் கண்டு தகப்பன் துக்கத்தில் சீறினால், தன் நெஞ்சும் கொதித்து அவரைக் கொன்றுவிடக்கூடும் என்ற அச்சமே காரணம் என்கிறார் ஹோமர். கோபம் எங்கும் போய்விடவில்லை. அது எப்போது பாயும் என்பது இப்போது அவனுக்குத் தெரிகிறது. அதற்கு முந்திக்கொண்டு ஏற்பாடு செய்கிறான். அதன் பிறகே ஈமச்சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறான். ஒன்பது நாள் துக்கம், பத்தாம் நாள் அடக்கம், பதினோராம் நாள் மேடு எழுப்புதல், பன்னிரண்டாம் நாள் வேண்டுமானால் போர் என்று பிரயாம் சொல்ல, அதுவரை படையை நிறுத்திவைப்பதாக அவருக்கு வாக்குக் கொடுக்கிறான்.